இத்தா முடிந்த புதன்கிழமை

அத்தியாயம் 17

போன வாரம் ரஷீதாவை அலமாரிக்கு முன்னால், கையில் ஒரு கடிதத்தோடு, தரையில் உட்கார வைத்துவிட்டு வந்துவிட்டோம். வயசான மனுஷியை அப்படியே விட்டுப் போகலாமா என்று இரண்டு வாசகிகள் ஆசிரியரிடம் சண்டைக்குப் போனார்களாம். கவலை வேண்டாம், எழுந்துவிட்டாள். முழங்கால் வலியோடுதான், ஆனாலும் யார் கையையும் பிடிக்காமல் எழுந்தாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டன்லப் ஸ்ட்ரீட்டில் பெட்டியும் பையும் விற்ற ஜலாலுதீன் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தார். இந்த ரமலானின் இரண்டாம் நோன்பன்று இறந்துபோனார். அவர் மனைவிதான் ரஷீதா. வயது அறுபத்தொன்று. ஆங் மோ கியோ வீட்டில் இத்தா இருக்கிறாள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் காலம் அது. மகன் ஃபஹத் மார்சிலிங்கில் இருக்கிறான், மகள் முனீரா தஞ்சோங் பகாரில். மகனோடு தினமும் பேச்சு உண்டு. மகளோடு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

அதற்குக் காரணம் அந்தக் கடிதம். முனீரா பிசியோதெரபிஸ்ட். வாப்பா விழுந்த மூன்றாம் மாதமே பகல்நேரப் பயிற்சி நிலையம் ஒன்றில் அவருக்கு இடம் வாங்கி, அனுமதிக் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். வாரம் மூன்று நாள் வேன் வந்து கூட்டிப் போகும், ஆறு மாதத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டாவது நிற்பார் என்றாள்.

"என் புருஷன யாரோ அந்நியங்க தூக்கி உக்கார வைக்கணுமா? நான் இல்லையா? செத்துட்டேனா?" என்று ரஷீதா கேட்டது அந்த மாடி முழுக்கக் கேட்டது. கடிதத்தை அலமாரியில் போட்டுப் பூட்டினாள். முனீரா அன்று போனவள்தான்.

இனி இந்தப் புதன்கிழமைக்கு வருவோம்.

காலை எட்டு மணிக்கு மருமகள் மர்யம் போன் செய்தாள். நல்ல பெண். குறை சொல்ல முடியாத அளவுக்கு நல்ல பெண் என்பதுதான் குறை.

"மாமி, உங்க ரூம் ரெடி. பாத்ரூம்ல கைப்பிடி போட்டாச்சு. கட்டிலும் வந்துடுச்சு, உயரம் எல்லாம் கரெக்டா இருக்கு. ஞாயித்துக்கிழமை இத்தா முடிஞ்சதும் நேரா இங்க வந்துடறீங்க."

"ஏன்மா இவ்வளவு சிரமம்?"

"என்ன சிரமம் மாமி! இனிமே நீங்க ஒரு வேலையும் செய்ய வேணாம். சமைக்க வேணாம், மார்க்கெட் போக வேணாம். சும்மா உக்காந்திருந்தா போதும். எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கறோம்."

"சரிம்மா," என்று மட்டும் சொன்னாள் ரஷீதா. மர்யம் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனை வைத்தாள்.

அது நன்றி இல்லை. அந்த வார்த்தைகள் அத்தனையும் ரஷீதாவின் சொந்த வார்த்தைகள். இரண்டு வருஷம் ஜலாலுதீனிடம் தினமும் சொன்னவை. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா இருந்தா போதும், நான் பார்த்துக்கறேன். அவர் கரண்டியைப் பிடிக்க வலது கையை நகர்த்தினால், இவள் அதற்கு முன்பே ஊட்டிவிடுவாள். அவர் எழ முயன்றால் தோளை அழுத்திப் படுக்க வைப்பாள். அன்பாகத்தான் அழுத்தினாள். அதுதான் இப்போது நெஞ்சில் குத்துகிறது.

இத்தாவின் முதல் மாதம் அழுகையில் போனது. பெருநாள்கூட அதற்குள்ளேயே வந்து போய்விட்டது. இரண்டாம் மாதம் கோபத்தில் போனது. டாக்டர் மேல் கோபம், பக்கத்து வீட்டு ரேடியோ மேல் கோபம், முனீரா மேல் எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம். மூன்றாம் மாதம் கோபப்பட ஆள் தீர்ந்துபோய், மிச்சம் அவள் ஒருத்திதான் இருந்தாள். பேச ஆளில்லை, போக இடமில்லை. ஜலாலுதீன் படுத்திருந்த வாடகைக் கட்டிலை எடுத்துப் போன பிறகு அதன் நாலு கால் தடங்களும் தரையில் பதிந்து கிடந்தன. தொழுதுவிட்டு அந்தத் தடங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில்தான் தன்னைத் தானே கேட்டுக்கொண்டாள். அவரை நிற்க விடாதது நோயா, நானா?

"ரஷீதா மாதிரி புருஷனப் பார்த்துக்க யாரால முடியும்" என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு நூறு நாளுக்கு மேல் ஆனது.

சரி, காலண்டருக்கு வருவோம்.

சமையலறையில் பள்ளிவாசல் கொடுத்த காலண்டர் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று பார்க்கப் போனவள், கட்டத்தின் மூலையில் சின்ன எழுத்தில் இருந்த பிறைத் தேதியைப் பார்த்துவிட்டு நின்றாள். முஹர்ரம் பதின்மூன்று.

ரமலான் பிறை இரண்டு. ஷவ்வால் இரண்டு, துல்கஃதா இரண்டு, துல்ஹஜ் இரண்டு, முஹர்ரம் இரண்டு. விரலை மடக்கி எண்ணினாள். நாலு மாதம் ஆயிற்று. அதோடு ஒரு பத்து நாள். முஹர்ரம் பன்னிரண்டு.

அது நேற்று.

நடந்தது இதுதான். ஃபஹத் கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை பார்ப்பவன், எதையும் போனில் போட்டுத்தான் எண்ணுவான். மார்ச் மூன்றிலிருந்து நாலு மாதம், ஜூலை மூன்று. அதோடு பத்து, ஜூலை பதின்மூன்று. ஞாயிற்றுக்கிழமை வேறு, எல்லோருக்கும் லீவு. குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். முப்பது பேர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்கள். அதில் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களே நாலு பேர். இத்தா பிறைக் கணக்கு என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பிரியாணிக்குச் சொல்லும் அவசரம்.

ரஷீதா பள்ளிவாசலுக்குப் போன் போட்டு, அங்கே தொழ வைக்கும் ஹஜ்ரத்தைக் கேட்டாள்.

"சரியாத்தான் எண்ணியிருக்கீங்க. நேத்து பொழுது சாய்ஞ்சு மஃரிபோட முடிஞ்சிடுச்சு. மகன் கணக்கு போட்டாரா?"

"ஆமா ஹஜ்ரத்."

"எல்லா வீட்டுலயும் இதான் நடக்குது. பரவாயில்ல, ரெண்டு நாள் கூடுதலா இருந்தா பாவமில்ல. வெளிய போறதுன்னா தாராளமா போங்கம்மா."

போனை வைத்தாள். ஞாயிறுவரை அவள் எங்கேயும் போகமாட்டாள் என்று குடும்பமே நம்பிக்கொண்டிருந்தது. ஞாயிறன்று முப்பது பேர் வருவார்கள், துஆ ஓதுவார்கள், சாப்பிடுவார்கள், பெட்டியோடு மார்சிலிங் போய்விடுவாள். அதன் பிறகு முனீராவிடம் போக வேண்டும் என்றால் மகனைக் கேட்க வேண்டும், காரில் மருமகள் வருவாள், பேசும்போது பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள். சொல்ல வேண்டியதை அப்படிச் சொல்ல முடியாது.

ஃபஹத்திடம் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அவன் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

பத்து மணிக்கெல்லாம் ரயிலில் இருந்தாள்.

நேராகப் போயிருக்கலாம். கால் கேட்கவில்லை, லிட்டில் இந்தியாவில் இறங்கிவிட்டது. வெறுங்கையோடு எப்படிப் போவது? தேக்கா மார்க்கெட்டில் முனீராவுக்குப் பிடித்த புட்டு மாயம், அதாவது இடியாப்பம், விற்கும் கடையில் வரிசையில் நின்றாள். ஆவி மணம், தேங்காய்ப்பூ மணம். முன்னால் மூன்று பேர் இருந்தார்கள்.

"என்னம்மா, ரொம்ப நாளா காணோம்? ஊருக்குப் போய்ட்டீங்களா?" என்றார் கடைக்காரர் சரத்.

"வீட்டுலதான் இருந்தேன்."

"வழக்கம் போல நாலு பாக்கெட்டா?"

ரஷீதா பணப்பையைத் திறந்துவிட்டு மூடினாள். முப்பது வருஷமாக அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக எதையாவது கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். ஃபஹத்தைக் காரணமில்லாமல் அடித்த அன்று கோழி பொரித்தாள். நாத்தனாரிடம் வாய்விட்ட மறுநாள் வட்டலப்பம் போனது. எல்லோரும் சாப்பிட்டார்கள், விஷயம் அதோடு முடிந்ததாக அவளே முடிவு செய்துகொண்டாள். இன்றைக்கும் புட்டு மாயத்தை நீட்டினால் முனீரா வாங்கிக்கொள்வாள். சொல்ல வந்தது தொண்டையிலேயே தங்கிவிடும்.

"வேணாம் தம்பி. இன்னொரு நாள் வர்றேன்."

வரிசையை விட்டு விலகினாள். பின்னால் நின்ற பையன் வியப்போடு நகர்ந்து வழிவிட்டான்.

தஞ்சோங் பகாரில் இருபத்து மூன்றாம் மாடி. லிஃப்டிலிருந்து வெளியே வந்ததும் காற்று முக்காட்டைப் பிடித்து இழுத்தது. ரஷீதா அதை இரண்டு தடவை சரிசெய்துகொண்டு பெல்லை அழுத்தினாள். பெற்ற மகளின் வீட்டுக் கதவுக்கு முன்னால் இவ்வளவு ஆயத்தமா என்று வெட்கமாகவும் இருந்தது.

முனீரா வேலைக்குப் போகும் உடையில் கதவைத் திறந்தாள். வாசலில் இருந்த கம்பிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் அப்படியே நின்றாள்.

"உம்மா? என்ன ஆச்சு? காக்காவுக்கு ஏதாச்சும்…" அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"எல்லாரும் நல்லா இருக்காங்க."

"உங்களுக்கு இத்தா இருக்குல்ல? காக்கா சன்டேன்னு மெசேஜ் போட்டாங்களே?"

"அவன் தேதிய வெச்சு எண்ணிட்டான். நேத்தோட முடிஞ்சிடுச்சு. முதல்ல இங்கதான் வந்தேன்."

முனீரா கேட்டைத் திறந்தாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எல்லாம் மரியாதையாகத்தான் செய்தாள். அந்த மரியாதை ரஷீதாவுக்கு வலித்தது. வெளியாளுக்குச் செய்வது மாதிரி இருந்தது.

"எனக்குப் பன்னெண்டு மணிக்கு ஷிஃப்ட், உம்மா."

"ரொம்ப நேரம் எடுத்துக்க மாட்டேன். ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ எதுவும் பேசாத."

வரும் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றுகூட நினைவில் இல்லை.

"நீ சொன்னதுதான் சரி. உங்க வாப்பா நின்னிருப்பாங்க. நான்தான் அவங்கள படுக்க வெச்சேன். நான் இருக்கறப்ப இன்னொருத்தர் எதுக்குன்னு நினைச்சேன். எல்லாரும் என்னைப் புகழ்ந்தாங்க, அது எனக்கு வேண்டியிருந்துச்சு. அதுக்காக அவங்க காலையும் எடுத்துக்கிட்டேன், உன்னையும் வெளிய அனுப்பிட்டேன். மையித்து எடுத்த அன்னிக்கு நீ வந்து நின்ன, ஒரு வார்த்தை பேசாம இருந்தேன். தப்பு முனீரா. என்னை மன்னிச்சிடு."

முனீரா எழுந்து பால்கனிப் பக்கம் போனாள். கீழே துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் நகர்ந்துகொண்டிருந்தன. திரும்பாமலே கேட்டாள்.

"இதச் சொல்ல உங்களுக்கு வாப்பா மவுத்தாகி நாலு மாசம் ஆகணுமா?"

"ஆமா. நாலு மாசம் சும்மா உக்கார வெச்சதாலதான் புரிஞ்சுது. அதுக்கு முன்னாடி நான் எப்ப சும்மா உக்காந்தேன்?"

அந்தப் பதிலில் கெஞ்சல் இல்லை. அதனால்தானோ என்னவோ முனீரா திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"உம்மா, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. நானும் உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிருக்கேன்." அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். "வியாழக்கிழமை காலையில நீங்க தேக்காவுக்குப் போவீங்கல்ல? காக்கா வந்து வாப்பாகூட இருப்பாங்க."

"ஆமா."

"நீங்க லிஃப்ட்ல இறங்கினதும் காக்கா எனக்கு மெசேஜ் போடுவாங்க. நான் கட்டடத்துக்கு அடியில திறந்து கிடக்கற வாய்ட் டெக்ல உக்காந்திருப்பேன். மேல வந்து வாப்பாவுக்கு எக்ஸர்சைஸ் கொடுப்பேன். ஒன்றரை மணி நேரம். ஒரு வருஷமா வந்தேன்."

ரஷீதா தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"கடைசி வியாழக்கிழமை வாப்பா நின்னாங்க. நடக்கறதுக்குப் பிடிக்கற ஃபிரேமப் பிடிச்சுக்கிட்டுத் தானா நின்னாங்க. பதினோரு செகண்ட். அடுத்த திங்கக்கிழமை மவுத்தாயிட்டாங்க." முனீராவின் குரல் உடைந்தது. "நான் அவசரப்பட்டுட்டேனோன்னு… பிரஷர் ஏறிடுச்சோன்னு… நூத்துக்கணக்கான பேஷன்ட் பார்த்தவ நான். அப்படி ஆகாதுன்னு புத்திக்குத் தெரியுது. மனசு கேக்கல உம்மா. நான்தான் கொன்னுட்டேனோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். அதனாலதான் உங்க பக்கமே வரல. நீங்க பேசாததுனால மட்டும் இல்ல."

கதை சொல்கிற நான் உண்மையைச் சொல்ல வேண்டும். ரஷீதாவுக்குள் கோபம் வந்தது. என் வீட்டில், என் முதுகுக்குப் பின்னால், ஒரு வருஷமா? பிள்ளைகள் இரண்டு பேரும், அவரும் சேர்ந்தா? பழைய ரஷீதா நாக்கு நுனிவரை வந்து நின்றாள். அவளிடம் வார்த்தைகளும் தயாராக இருந்தன. முனீராவின் பயத்தை அப்படியே பிடித்துக்கொண்டு, தன் பாரம் முழுவதையும் மகள் தலையில் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்.

அந்த வாக்கியத்தை அவள் சொல்லவில்லை.

"நின்னாங்களா?" என்றாள்.

"நின்னாங்க."

"தானாவா?"

"தானா."

"சிரிச்சாங்களா?"

முனீரா போனை எடுத்து நீட்டினாள். அதே ஆங் மோ கியோ அறை. நீலக் கைலியில் ஜலாலுதீன், இரண்டு கையாலும் ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் நடுங்க நின்றார். ஃபஹத் பின்னாலிருந்து எண்ணினான். பதினொன்று வந்ததும் கட்டிலில் சரிந்து உட்கார்ந்து, கோணிய வாயால் சிரித்தார். குழறிக் குழறி ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?"

"பெருநாளன்னிக்குக் காலையில வாசல்ல நின்னு உங்கள பயமுறுத்தணுமாம். அதுவரைக்கும் சொல்லாதீங்கன்னாங்க."

ரஷீதா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு மாதத்தில் அழாத அழுகை ஒன்று அவளிடம் இன்னும் பாக்கி இருந்திருக்கிறது. அதை மகள் மடியில் முகம் வைத்து அழுதாள். முனீரா அவள் முதுகைத் தடவியபடியே இன்னொரு கையால், வர நேரமாகும் என்று வேலை இடத்துக்குச் செய்தி அனுப்பினாள்.

"இன்னொரு வாட்டி போடு," என்றாள் ரஷீதா. அதன் பிறகும் இன்னொரு வாட்டி.

மூன்றாம் முறை ஓடிக்கொண்டிருக்கும்போது ரஷீதாவின் போன் அடித்தது. ஃபஹத்.

"உம்மா! எங்க இருக்கீங்க? சாமான் கட்ட அட்டைப்பெட்டி எடுத்துக்கிட்டு வந்தேன், வீடு பூட்டிக் கிடக்கு. இத்தா முடிய இன்னும் நாலு நாள் இருக்கு லா!"

"நேத்தே முடிஞ்சிடுச்சு. பிறைய எண்ணிப் பாரு. ஹஜ்ரத்கிட்டயும் கேட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் எண்ணிக்கை நடந்தது.

"ஐயோ. முப்பது பேர வரச் சொல்லிட்டேனே. பிரியாணிக்கும் புக் பண்ணியாச்சு."

"வரட்டும், சாப்பிடட்டும். ஆனா நான் பெட்டி கட்டப் போறதில்ல. கைப்பிடியும் வேணாம், உயரக் கட்டிலும் வேணாம். என் வீட்டுல என் சோத்த நானே ஆக்கித் தின்னுவேன். மர்யம்கிட்ட அவ வருத்தப்படாத மாதிரி நானே சொல்லிக்கறேன்."

"உம்மா, இதெல்லாம் அப்புறம் பேசலாம். இப்ப எங்க இருக்கீங்க?"

"முனீரா வீட்டுல."

தெரியாமல் போன் கட்டாகிவிட்டதோ என்று ரஷீதா திரையைப் பார்த்தாள்.

"அவ சொல்லிட்டாளா?"

"சொன்னா. வீடியோவும் பார்த்தேன்."

"அது வியாழக்கிழமை எடுத்தது, உம்மா." ஃபஹத்தின் குரல் சட்டென்று சின்னப் பையன் குரலாகிவிட்டது. "ஞாயித்துக்கிழமை நடந்தது அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நான் அங்க வர்றேன். போன்ல சொல்ல முடியாது."

கட்டாகிவிட்டது. இந்த முறை நிஜமாகவே.

ஞாயிற்றுக்கிழமை. ஜலாலுதீன் இறந்ததற்கு முந்தின நாள், முதல் நோன்பு. அன்று இரவு ரஷீதா தராவீஹ் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்தாள். ஃபஹத்தான் வாப்பாவுடன் வீட்டில் இருந்தான்.

"காக்கா என்ன சொன்னாங்க?" என்று முனீரா கேட்டாள். போன் பேச்சில் பாதி அவள் காதிலும் விழுந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. "ஞாயித்துக்கிழமை என்னவாம்? என்னாலதான் ஏதாச்சும் ஆச்சா?"

எதுவும் ஆகாதும்மா, பயப்படாதே, நான் பார்த்துக்கறேன் என்று சொல்லத்தான் ரஷீதாவுக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. என்ன வரப்போகிறது என்று அவளுக்கே தெரியாது.

"தெரியலம்மா," என்றாள். "உன்னாலயா, என்னாலயா, அவனாலயா, எதுவும் தெரியல. வரட்டும், அவன் பேசி முடிக்கிற வரைக்கும் நாம ரெண்டு பேரும் கேப்போம். எதக் கேட்டாலும் இன்னிக்கு இந்த வீட்ட விட்டு ஒருத்தரும் கோபிச்சுக்கிட்டுப் போகக் கூடாது. முதல்ல நானே போகமாட்டேன்."

(தொடரும்)